விபத்துக்குப் பிறகு சொல்லக் கூடாத சொல்

ரொறொன்ரோவில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் "சொறி" என்று மன்னிப்புக் கேட்பார்கள். நான் போன புதிதில், கடையொன்றில் என் தள்ளுவண்டி ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குதிக்காலில் இடித்தது. அவர் திரும்பி என்னிடம் சொறி என்றார். ஏதோ தவறு செய்துவிட்டார் போலும் என்று எண்ணி, "பரவாயில்லை" என்று பெருந்தன்மையாக மன்னித்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அதே ஊரில் எனக்குக் கார் பழக்கியவரோ, விபத்து நடந்தால் அந்தச் சொல்லை மட்டும் வாயில் எடுக்காதே என்றார். எஞ்சினை நிறுத்து, எச்சரிக்கை விளக்கைப் போடு, காயப்பட்டவரை அசைக்காதே, படம் எடு, பொலிஸுக்கு நடந்ததை மட்டும் சொல். பிழை யாருடையது என்பதைக் காப்புறுதிக்காரர் பார்த்துக்கொள்வார்கள். நான் இயந்திரங்களைப் பரிசோதிக்கும் வேலை செய்பவள். வரிசையாகச் சொன்னால் எனக்கு மறக்காது.

இதைத் திருகோணமலையில், ஓர்ஸ் ஹில்லில் உள்ள அண்ணா வீட்டிலிருந்து எழுதுகிறேன். விடுமுறை முடிந்து இந்நேரம் நான் திரும்பியிருக்க வேண்டும். அன்று காலை அண்ணாவின் காரில் மீன் வாங்கப் புறப்பட்டேன். தற்காலிக அனுமதிப் பத்திரம் இருந்தது, பெல்ட் போட்டிருந்தேன், போன் பைக்குள் இருந்தது, வேகமும் இல்லை. எங்கள் ஒழுங்கை பெரிய வீதியில் ஏறும் இடத்தில் நின்று இடப்பக்கம் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. காரையும் இடப்பக்கமே திருப்பினேன். கனடாவில் வாகனங்கள் வீதியின் வலதுபுறம் ஓடுவதால், ஒழுங்கையிலிருந்து ஏறும்போது முதலில் நம்மை நெருங்குவது இடப்பக்கத்து வாகனம். இங்கே நேர்மாறு. எனக்கு முன்னமே என் கழுத்து குடியுரிமை மாற்றிக்கொண்டுவிட்டது.

வலப்பக்கத்தால் வந்த ஸ்கூட்டி காரின் முன்பக்கத்தில் மோதிச் சரிந்தது. ஓட்டி வந்த பெண்ணின் கால் அதன் கீழே. நான் எஞ்சினை நிறுத்தினேன். விளக்கைப் போட்டேன். போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன்.

"தங்கச்சி, படம் பிறகு பிடிக்கலாம், இந்தப் பக்கம் ஒருக்காத் தூக்குங்கோ!" என்று ஓடி வந்த ஓர் ஆட்டோக்காரர் கத்தினார்.

"அவவை அசைக்கக் கூடாது."

"அப்ப என்ன, நடுரோட்டில கூடாரம் அடிக்கப் போறீங்களோ?"

நாலு பேர் சேர்ந்து அந்தப் பெண்ணைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். அவர் என் முகத்தையே பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் காரின் இலக்கத் தகட்டைப் படம் பிடித்தேன்.

பொலிஸிடம் நான் சொன்னது: நான் திரும்பிக்கொண்டிருந்தேன், அவர் வலப்பக்கத்தால் வந்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் பொலிஸிடம் சொன்னது: "நான் கொஞ்சம் வேகமா வந்திட்டன் போல." அதோடு பிழை அவருடையதாயிற்று. வழக்கு வந்தாலும் அவர் மேல்தான்.

"அவவே சொல்லிப்போட்டா, பிறகேன் நீ வாயைக் குடுக்கிறாய்? ஒழுங்கா பிளைட் ஏறு" என்றார் அண்ணா.

அண்ணாவின் மனைவியான மச்சாள் குசினிக்குள், அடுப்படியில் நின்றபடி, "ஆளை அடிச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்கும் போகாம வந்து தேத்தண்ணி குடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் கண்டனான்" என்றார். எங்கள் ஊரில் யார் மேல் பிழை என்றாலும், இடித்தவர் அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். அது எனக்குத் தெரியாத விஷயமல்ல. என்னுடைய வரிசையில் அதற்கு இடமிருக்கவில்லை.

அடுத்த நாள் பிஸ்கட்டும் திராட்சையும் வாங்கிக்கொண்டு உப்புவெளியில் உள்ள அந்த ஸ்கூட்டிப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். பெயர் சுகந்தி. பாலர் பாடசாலை ஆசிரியை. எலும்பு முறிந்த கணுக்காலில் மாக்கட்டு. கதிரையில் இருந்தபடியே மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். வந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்தேன்.

"அக்கா, பிழை என்ர. நான் உங்கட பக்கம் பாக்கவேயில்லை."

"ஓம், தெரியும். எனக்கு உங்கட பின்னந்தலைதானே தெரிஞ்சது. வடிவான கொண்டை." அவர் சிரித்தார்.

"அப்ப ஏன் வேகமா வந்தனான் எண்டு சொன்னீங்கள்?"

"நீங்கள் ஒண்டும் கதைக்கேல்ல. வெளிநாட்டுப் பிள்ளை, பயந்துபோச்சுது எண்டு நினைச்சனான். ஆராவது ஒராள் சொல்லத்தானே வேணும்."

நான் பயப்படவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பொலிஸுக்குப் போனேன். சிங்களவரான சார்ஜன்ட் தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தார்.

"மிஸ், அந்த அம்மா சல்லி கேக்கிறதா?"

"இல்லை. வாக்குமூலத்தை மாத்த வேணும். பிழை என்ர."

"யாரும் பயம் காட்டினதா?"

"ஒருத்தரும் இல்லை."

"மிஸ், இது முடிஞ்ச கதைதானே. இப்ப மாத்தினா கேஸ் மிஸ்ஸுக்கு. கோட்டுக்கு வர வேணும். பிளைட் போக ஏலாது."

"ஓம். பிளைட்டை மாத்திப்போட்டன்."

அவர் புதுத் தாள் எடுத்துச் சிங்களத்தில் எழுதத் தொடங்கினார். அழைப்பாணை அனுப்ப எந்த விலாசம் போடுவது என்று கேட்டார். ஓர்ஸ் ஹில் விலாசத்தைச் சொன்னேன். "அங்க இருக்கிறது மிஸ்ஸா?" என்றார். ஓம் என்றேன். ஊரை விட்டுப் போன பிறகு, என்னை இந்த ஊரில் குடியிருப்பவளாக எழுதிய முதல் கடதாசி அதுதான். என் குற்றத்தைச் சொல்லும் கடதாசி. அவர் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுத் தமிழில் கையெழுத்து வைத்தேன். மை காயட்டும் என்று அதை மேசையில் விட்டவர், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கப் பார்க்க, அடையாளத்துக்காக நான் கொடுத்திருந்த கனடாக் கடவுச்சீட்டை எடுத்து அதன் மேல் பாரமாக வைத்தார்.