நான்கு விரல் கதவு

மெத்தைக்காரர் வாயில் ஆணி இருக்கும்போதுதான் நன்றாகப் பாடுவார். சோபா பழுது பார்க்கிறவருக்குக் கை இரண்டு போதாது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கை சுத்தியலுக்கு. ஆணிக்கு வாய்தான் டப்பா. உதட்டைத் திறக்காமலே ஞானப்பாட்டு முழுவதையும் முனகி முடிப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் ஓர் ஆணியைக்கூட விழுங்கியதில்லை. அதற்கும் சபையில் எழுந்து நன்றி சொன்னார்.

அந்தச் சபையில் ஆராதனைக்கு நடுவே, வாரத்தில் கிடைத்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். கூரை ஒரே இடத்தில் மட்டும் ஒழுகுகிறது என்று ஒரு வாரம் சொன்னார். செருப்பு இரண்டும் ஒரே நாளில் அறுந்தன, ஒன்று மற்றதை அநாதையாக விடவில்லை என்று இன்னொரு வாரம்.

அவர் மனைவி ஒரு நாளும் எழுந்ததில்லை. “உங்க நன்றியை வாங்கி வாங்கி ஆண்டவருக்கே கை வலிச்சிருக்கும்” என்பாள். அவளுக்குள் ஒரு முள் இருந்தது. வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா பதினொரு வருஷத்துக்கு முன் வந்தபோது, வீட்டில் இருந்தது கால் ஆடும் ஒரு முக்காலி. அக்கா நின்றபடியே தண்ணீர் குடித்துவிட்டு, “உட்கார இடம் வாங்கினதும் சொல்லுடி, வர்றேன்” என்று போய்விட்டாள். ஊரையே உட்காரவைக்கிறவர் வீட்டில் உட்கார இடமில்லை.

இப்படியிருக்க, வீடு மாறிப் போன ஒரு பணக்கார அம்மாள் தன் பழைய சோபாவை அவரையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். மனைவி அன்றே அக்காவுக்குப் போன் போட்டு, ஞாயிறு காலை வா, சேர்ந்தே ஆராதனைக்குப் போகலாம் என்றாள்.

சோபா வாசலில் நுழையவில்லை. துணி, பஞ்சு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் உரித்து, எலும்புக்கூட்டை மட்டும் அவரும் மனைவியும் மகளுமாகச் சாய்த்து உள்ளே கொண்டுபோனார்கள். சனிக்கிழமை பகல் முழுக்க மெத்தைக்காரர் உள்ளேயே வைத்துத் திணித்தார். பஞ்சு தெருவுக்குப் பறக்கக்கூடாதென்று கதவைச் சாத்தியிருந்தார்கள். இன்னும் வைங்க, இன்னும் வைங்க, அக்கா உட்கார்ந்தால் அமிழ்ந்துபோக வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். வாயில் ஆணி இருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை.

பொழுது சாய வேலை முடிந்தது. கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. நான்கு விரல் அளவு திறந்து, சோபாவின் கையில் முட்டி நின்றது. சோபாவின் மறுமுனை சுவரில். வேறு வாசல் இல்லை, ஜன்னலில் கம்பி.

“ஒரு பக்கத்தைப் பிரிச்சிடறேன்” என்றார்.

“அக்கா பாக்கட்டும். அதுவரைக்கும் யாரும் கத்தி எடுக்கக்கூடாது.”

“பெரியம்மா எப்படிம்மா உள்ள வருவாங்க?” என்றாள் மகள்.

“அதை அப்புறம் பாத்துக்கலாம்.”

திருடன் வர வழியில்லாத வீட்டைக் கொடுத்ததற்காக மெத்தைக்காரர் ஜெபம் செய்துவிட்டுத் தரையில் படுத்தார்.

“உங்களுக்கு மட்டும் எப்படித்தான் மனசு நிறையுதோ” என்றாள் அவள்.

“எனக்கு வேண்டியதை ஆண்டவர் மறந்ததே இல்ல. மறக்காதவர்கிட்ட எதுக்குத் தினமும் ஞாபகப்படுத்தணும்?”

காலையில் பால் பாக்கெட் நசுங்கிக்கொண்டு உள்ளே வந்தது. ஆலயத்துச் சாவி மெத்தைக்காரரிடம்தான் இருக்கும். அதைத் தேடிப் போதகர் வந்தார். இடுக்கு வழியாகப் பார்த்தார்.

“ஊசிக்காதுல நுழைய முடியாத ஒட்டகத்தைப் பத்திப் பிரசங்கம் பண்ணியிருக்கேன். உள்ளயே உட்கார்ந்துகிட்டிருக்கிற ஒட்டகத்தை இப்பதான் பாக்குறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

எட்டரைக்கு அக்கா வந்தாள். இடுக்கில் ஒரு கண்ணும் பாதி மூக்கும்தான் தெரிந்தன. தங்கை சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, “பாத்தியா, இடம் வாங்கிட்டேன். அன்னைக்குச் சொன்னியே” என்றாள்.

“நானா? என்ன சொன்னேன்?”

பதினொரு வருஷம் சுமந்த சொல், சொன்னவளுக்கே நினைவில்லை. அக்கா வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். “எங்க வீட்டுச் சோபாவுல நான் உட்கார்ந்தே ரெண்டு வருஷமாச்சுடி. அழுக்காயிடும்னு மேல போட்ட பிளாஸ்டிக் உறையை எடுக்க அவர் விடறதில்ல. உட்கார்ந்தா சறுக்கி விடுது.”

தூரத்தில் முதல் பாட்டு ஆரம்பித்தது. உள்ளே மெத்தைக்காரர் நின்றபடியே கூடப் பாடினார். நேற்று முடித்த சோபாவில் அவர் ஒரு தடவைகூட உட்காரவில்லை என்பது மனைவிக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து கத்தியை எடுத்து, சோபாவின் கையை ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

“தையலோரமா வெட்டும்மா” என்றார் அவர். அதற்குள் வெளியிலிருந்து அக்காவின் வளையல் கை நுழைந்து, பஞ்சைப் பிடிபிடியாகத் தெருவுக்கு இழுத்தது.

தலையெல்லாம் பஞ்சோடு நால்வரும் ஆலயத்துக்குள் போனபோது நன்றி சொல்லும் நேரம். மெத்தைக்காரர் வழக்கம்போல எழப்போனார். அவர் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு மனைவி எழுந்தாள்.

“எங்க வீட்டுக் கதவு திறக்குது” என்றாள். “அதுக்காக.”

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. போதகர் மட்டும் சத்தமாக ஆமென் சொன்னார்.

ஆலயத்தின் வெறுந்தரையில் சப்பணமிட்டிருந்த அக்கா தங்கையின் காதில் கேட்டாள்: “ஏன்டி, அந்தப் பஞ்சைத் தரையில விரிச்சா, நான் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமா?”