பூவத்தில் கழற்றிய பத்து நகங்கள்

கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, அடைமழை. இப்படி ஒரு நாளில் கும்பகோணத்திலிருந்து காரைக்காலுக்குக் கிளம்ப வேண்டுமென்று யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நான் ஆசையில் கிளம்பவில்லை, பயத்தில் கிளம்பினேன். முதல் நாள் மாலை என் வாடிக்கையாளர் கௌசல்யா வாட்ஸப்பில் தன் கைகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நகத்தைச் சுற்றிச் சிவந்து, விரல் நுனித் தோல் தாள் தாளாக உரிந்திருந்தது. கீழே, "அக்கா, நாளைக்கு வந்து பழச எடுத்துட்டுப் புதுசா போட்டு விடுங்க. பாக்கவே அசிங்கமா இருக்கு" என்று எழுதியிருந்தாள். அந்த விரல்களை எனக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் என் விரல்களும் இப்படித்தான் இருந்தன.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் எட்டு வருடமாக ஜெல் நகம் போடுகிறவள். கூழ் மாதிரி இருக்கும் பூச்சை நகத்தில் தடவி, புற ஊதா விளக்குக்குள் கையை வைத்தால் இறுகிவிடும். அந்தக் கூழ் தோலில் பட்டுப் பட்டு எனக்கு அலர்ஜி வந்தது. விரல் வெடித்தது, கண் இமை வீங்கியது. தோல் டாக்டர், "இது வந்தா வந்ததுதான், போகாது. வேற தொழில் பாருங்க" என்றார். வேறு தொழில் எனக்குத் தெரியாது. அதனால் ஆடி மாதம் வேறு கம்பெனியின் ஜெல்லுக்கு மாறினேன். அதிகம் அலர்ஜி தருகிற ஹெமா என்ற ரசாயனம் இல்லாத ஜெல். என் கை கொஞ்சம் ஆறியது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆவணியில் கௌசல்யாவின் கல்யாணத்துக்கு அந்த ஜெல்லைத்தான் போட்டேன். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் மறுபடி போட்டேன்.

இனி பயணம். கும்பகோணம் பேருந்து நிலையத்தில் காலை 6.20 வண்டி. டிக்கெட் 55 ரூபாய். கொல்லுமாங்குடி, பேரளம் வழியாக ஏறக்குறைய 55 கிலோமீட்டர். ஜன்னல் ஷட்டர் இறங்காத இருக்கை எனக்கென்றே காலியாக இருந்தது. அம்பகரத்தூரில் 8.05க்கு நின்றபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி, என் பையின் மேல் ஈரக் குடைகளைச் சாய்த்தார்கள். பைக்குள் அசிட்டோன், பஞ்சு, அலுமினியத் தாள், அரம், ஒரு டப்பா கையுறை. விளக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். புதிதாகப் போடப் போவதில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத்தான் தெரியாது.

திருநள்ளாறு தாண்டிக் காரைக்காலில் இறங்கும்போது 8.40. நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, 65 ரூபாய். இட்லி நன்றாக இருந்திருக்கலாம், எனக்கு இறங்கவில்லை. 9.10க்குப் பொறையாறு போகும் பேருந்து. கௌசல்யாவின் அம்மா வீடு இருக்கும் பூவத்துக்கு 12 ரூபாய், இருபத்தைந்து நிமிடம். ஆட்டோக்காரர் 250 கேட்டார். "மழையில யாருங்க வருவா?" என்றார். நியாயம்தான்.

நிறுத்தத்திலிருந்து கௌசல்யா வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடை. இரண்டு பக்கமும் சம்பா வயலில் பயிர் தலை மட்டும் தெரிய நின்றது. அவள் அப்பா மண்வெட்டியோடு வடிகாலில் இருந்தார், தலையை ஆட்டினார். அம்மா தனலட்சுமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"வாம்மா. எம்பொண்ணு கையைப் பாத்தியா? சம்பந்தி வீட்டு லட்சணம் அதுல இருக்கு பாரு."

மாப்பிள்ளை வீடு காரைக்கால் டவுனில். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், ஊரில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பாரிஸ் பக்கம் வேலை. கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் கிளம்பிவிட்டார். இவள் விசா வாங்கிப் பின்னால் போக வேண்டும், அதுவரை மாமியாருடன் இருந்தாள். விசாவுக்குக் கைரேகை கொடுக்கச் சென்னை போனாள். ரேகை விழவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்க, துடைச்சிட்டு வைங்கன்னு அரை மணி நேரம் சொன்னாங்கக்கா. தோலே இல்லாததுல எது விழும்?" என்றாள். அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும்.

தனலட்சுமி அம்மா தன் கணக்கில் தீர்ப்பு எழுதிவிட்டார். மீன் சட்டியும் சோப்புத்தூளும் கொடுத்து மாமியார் தேய்க்க வைத்ததுதான் காரணம். நேரே போய்ச் சண்டை போட்டு, மகளைக் கூட்டி வந்துவிட்டார். இரண்டு வாரமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

நான் கையுறை மாட்டி, முகமூடி கட்டி, வேலையை ஆரம்பித்தேன். மேல்பூச்சை அரத்தால் தேய்த்து, அசிட்டோன் பஞ்சு வைத்துத் தாள் சுற்றி, பதினைந்து நிமிடம். அப்போதுகூட வாயில் வந்தது பொய்தான். "நகத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுப்போம்மா" என்றேன்.

"பாத்தியா," என்றார் தனலட்சுமி அம்மா மகளிடம், "அக்காவே சொல்லுது. அந்தப் பொம்பள தேய்க்க வெச்சே நகத்தைக் கெடுத்துட்டா."

முதல் தாளைப் பிரித்தேன். பூச்சு மேலே கல்லாக இருந்தது, அடியில் பிசுபிசுவென்று இழுத்தது. வரும் வழியெல்லாம் நான் சந்தேகப்பட்டது இதைத்தான். மூன்று மாதமாக இறுகாத கூழ் அவள் தோலை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஜெல்லை மாற்றியவள் விளக்கை மாற்றவில்லை. புது ஜெல்லுக்கு அதன் விளக்குதான் வேண்டும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. விலை 6,800 ரூபாய். பழைய விளக்கு எரிகிறதே, அது போதும் என்றிருந்தேன். என் கையைக் காப்பாற்ற மாறினேன், அவள் கையைப் பற்றி யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"பாத்திரம் இல்லம்மா," என்றேன். "நான்தான்."

விளக்கின் கதையைச் சொன்னேன். இந்த அலர்ஜி போகாது, இனி ஜெல் நகம் எப்போதும் கூடாது, பல் அடைக்கிற பசையிலும் இதே வகை ரசாயனம் உண்டு, அதனால் பல் அடைக்கப் போனாலும் டாக்டரிடம் முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். தனலட்சுமி அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கௌசல்யாதான் போனை எடுத்து, எண்ணைப் போட்டு, என் பக்கம் நீட்டினாள்.

"எங்க அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன்.

"சொல்லிட்டீங்கல்ல, சரிங்க," என்றார் அந்த அம்மா. "சம்பந்தி பக்கத்துல இருக்காங்களா? அவங்க கேட்டாங்களா?"

"கேட்டாங்கம்மா."

"அது போதும்." போனை வைத்துவிட்டார்.

மீதி ஒன்பது விரல்களையும் முடிக்க 12.30 ஆனது. யாரும் சாப்பிடச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் சாப்பிட்டிருக்க மாட்டேன். பொறையாறு போய் மயிலாடுதுறை வழியாகத் திரும்பினேன். எல்லைச் சோதனைச் சாவடியில் காவலர் ஒருவர் ஏறி என் பையைத் திறந்து, அசிட்டோன் பாட்டிலை மோந்து பார்த்து முகம் சுளித்தார். "சரக்கு இல்லீங்க, நகச்சாயம் அழிக்கிறது" என்றேன். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இந்தப் பக்கம் நக வேலைக்குப் போகிறவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம், திருநள்ளாறு கூட்டத்தில் பேருந்து நகராது. மழைக்காலத்தில் பூவத்துக்கு ரப்பர் செருப்போடு போங்கள். அசிட்டோனைச் சீட்டு ஒட்டிய பாட்டிலிலேயே எடுத்துப் போங்கள். ஜெல்லை மாற்றினால் விளக்கையும் மாற்றுங்கள், காசு இல்லையென்றால் காசு வரும்வரை ஜெல்லைத் தொடாதீர்கள். கையுறை போட்டாலும் கூழ் சில நிமிடத்தில் ஊடுருவிவிடும், அடிக்கடி மாற்றுங்கள். ஹெமா இல்லை என்று எழுதியிருந்தால் அலர்ஜியே வராது என்று அர்த்தமில்லை. வாடிக்கையாளர் கையில் அரிப்பு என்றால் அன்றைக்கே கழற்றித் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். நான் ஐப்பசியில் அவளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு மேலேயே பூசினேன்.

போன வாரம் கௌசல்யாவிடமிருந்து தகவல் வந்தது. "எட்டு விரல் ரேகை விழுந்துச்சு. ரெண்டு கட்டை விரலும் விழல. அடுத்த மாசம் வரச் சொல்லியிருக்காங்க. அத்தை கூட வந்தாங்க." வேறு ஒன்றும் இல்லை. அக்கா என்ற சொல்லும் இல்லை.

நேற்று ரேஷன் கடைக்குப் போனேன். இயந்திரத்தில் என் கட்டை விரலை வைத்தேன், விழவில்லை.

"கையைத் துடைச்சிட்டு வைங்க" என்றார் கடைக்காரர்.

துடைத்துவிட்டு வைத்தேன்.