கரை வெட்டியவன் மகள்

தமிழ்க்குமரனைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களை வேனில் ஏற்றி, பாகூர்ப் பக்கத்து ஏரிகளைக் காட்டி, ஊர் வரலாறு என்று கதை அளந்து, கடைசியில் மணப்பட்டுக் கடற்கரையில் இறக்குவது அவன் தொழில். வேன் ஓட்டுவது நான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் மைக்கைப் பிடித்து அவன் சொல்வது எப்போதும் ஒரே கதைதான். "ஒரு பெருமழ வருஷம், அந்தோணிசாமின்னு ஒரு கூலியாளு, வயித்தெரிச்சல்ல ராவோட ராவா கரைய வெட்டிட்டான். எங்க தாத்தா நெலமெல்லாம் முழுகிப்போச்சி."

அந்த அந்தோணிசாமியின் மகள் ரோசம்மாள் இதே ஊரில்தான் இருக்கிறாள். நாற்று நட்டுத் தேய்ந்த உடம்பு. இப்போது பள்ளிக்கூடம் பெருக்குகிறாள். அப்பன் விட்டுப்போன சொத்து அவர் பேர் ஒன்றுதான். அதையும் இவன் மைக்கில் நாறடித்தால் பொறுப்பாளா? ஒவ்வொரு ஞாயிறும் கரைக்கு வந்துவிடுவாள். "எங்கப்பா வெட்டலடா! உன் வாயில புத்து வைக்க!"

அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? அவள் திட்டுவதையும் டூரில் ஒரு ஐட்டமாக்கிவிட்டான். "இப்ப அவரு பொண்ணு வருவாங்க, லைவ்வா திட்டுவாங்க" என்பான். வந்தவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு சிரிப்பார்கள்.

போன ஞாயிறும் வந்தாள். திட்டவில்லை.

"இன்னாக்கா, இன்னிக்கு மூட் அவுட்டா?" என்று மைக்கை அவள் மூஞ்சிக்கு நேரே நீட்டினான். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"எங்கப்பாதான் வெட்டுனாரு."

அவன் பல்லைக் காட்டினான். "பாத்தீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க!"

"வாய மூடுடா. வெட்டுனேன்னு சொன்னா எவனும் வேல குடுக்கமாட்டான்னு சாவுற வரிக்கும் இல்லன்னே சொன்னாரு. நானும் அதையே சொன்னேன். இந்த வயசுக்கு மேல எவன் வேல குடுக்கலன்னா எனக்கு இன்னா பயம்? அன்னிக்கு ஏரித் தண்ணி எங்க தெருவுல ஏறிச்சி. மதகத் தொறங்கன்னு உன் தாத்தன் கால்ல வுழுந்தாரு. நெல்லு அழுவிப்பூடும்னு அந்தாளு தொறக்க வுடல. அதுக்கப்புறந்தான் எங்கப்பா மம்முட்டிய எடுத்தாரு."

கூட்டத்தில் ஒரு பெண் கை தட்டினாள். "சூப்பர் ஆன்ட்டி!"

ரோசம்மாளுக்குக் கண் சிவந்துவிட்டது. "இன்னாத்துக்குடி கை தட்டுற? அவரு வெட்டி முடிக்கிறதுக்குள்ள என் தங்கச்சி முழுகிப்பூட்டா. மூணு வயசு. அத எடு உன் போன்ல!"

போன்கள் கீழே இறங்கின. தமிழ்க்குமரன் என் பக்கம் திரும்பி, வண்டியை எடு என்று கையைக் காட்டினான். ரோசம்மாள் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். மைக்கை அவன் கையில் திணித்தாள்.

"இந்தா. இப்ப சொல்லு, எங்கப்பா எதுக்கு வெட்டுனாரு?"

மைக் ஆனில்தான் இருந்தது. அவன் மூச்சு வாங்குவது மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது.