டாக்டர் அண்ணாவின் பக்கத்தில் விழுந்தவன்

வைட்ஃபீல்டிலிருந்து திரும்பும் ஆபீஸ் பஸ் மேம்பாலத்துக்கு அடியில் அசையாமல் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. டாக்டர் அண்ணாவோடு ஃபுட்பால் ஆடியவர்கள், அவரை எதிர்த்து ஆடியவர்கள் எல்லோரையும் பேசவைத்து ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிடலாம். எல்லையில் நடந்த சண்டையில், ராணுவ டாக்டராகக் காயம்பட்டவரைப் பார்க்கப் போன இடத்தில் குண்டு விழுந்து அவர் இறந்து அன்றைக்கு இருபது நாள். செய்தி வந்த மத்தியானம் நான் கேன்டீனில் எலுமிச்சை சாதம் வாங்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. யோசனை மட்டும் வந்தது. பஸ் நகர்வதற்குள் யாரைக் கேட்பது, அட்டையில் எந்தப் படம், எங்கே அச்சடிப்பது என்று எல்லாவற்றையும் போனில் குறித்து முடித்திருந்தேன்.

ஆஸ்டின் டவுனில் எங்களுக்கு அடுத்த தெருவில் அவர் வீடு. மருத்துவம் படித்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மைதானத்தில் ஆடுவார். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர். தலையால் பந்தைத் திருப்பி அனுப்பினால் பாதி மைதானம் தாண்டும். ஒரே ஒரு கெட்ட பழக்கம். யாராவது விழுந்துவிட்டால், அவன் எதிரணிக்காரனாகவே இருந்தாலும், ரெஃபரி விசில் ஊதுவதற்குள் பந்தை விட்டுவிட்டு அவனிடம் ஓடிவிடுவார். "டாக்டரே, இது ஆஸ்பத்திரி இல்ல, பந்தப் பாருங்க" என்று வெளியிலிருந்து கத்துவார்கள். நான் போன் செய்த அத்தனை பேரும் இதையேதான் சொன்னார்கள். அவருடைய பழைய கோல்கீப்பர் இப்போது கேப் ஓட்டுகிறார். "அவரால நான் வாங்குன கோலு எவ்ளோன்னு மட்டும் கேக்காத குரு. திட்டுனா, 'நீ வுழுந்தாலும் வருவேன்டா'ம்பாரு. அப்புறம் என்னத்தத் திட்டுறது" என்றார். நான் எல்லாவற்றையும் பிழையில்லாமல் தட்டச்சு செய்தேன்.

பழைய படங்கள் கேட்டு அவர் அம்மாவிடம் போனேன். ஆண்ட்டி ஆல்பத்தை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். நான் போனில் எடுத்துக்கொண்டே வந்தேன். மகனின் படைப்பிரிவிலிருந்து ஓர் அதிகாரி வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பதுங்குகுழிக்கு வெளியே ஒரு சிப்பாய் விழுந்து கிடந்திருக்கிறார். டாக்டர் அண்ணா அவரிடம் தவழ்ந்து போயிருக்கிறார்.

"ஏம்ப்பா, நீயெல்லாம் அவன்கூட ஆடுனவன். அந்தப் புள்ள அதுக்கு முன்னாலயே செத்துப்போயிருந்துச்சாம். டாக்டருக்குப் படிச்சவனுக்கு அது தூரத்துலருந்தே தெரியாதா? சும்மா போயிட்டானா என் மகன்?"

என்னிடம் பதில் இருந்தது. "தெரியல ஆண்ட்டி" என்றேன். அவர் தந்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் கல்லூரியில் முதல் வருடம் படித்தபோது, டாக்டர் அண்ணா ஆடிய எங்கள் ஏரியா அணியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. கோபத்தில் வேறு அணிக்குப் போனேன். அரையிறுதியில் இரண்டு அணிகளும் மோதின. கடைசிப் பத்து நிமிடம், ஆளுக்கொரு கோல். எங்கள் கேப்டன் என் காதருகில் வந்து, "நீ டாக்டர் பக்கத்துல போய் வுழு. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்" என்றான். அதே ஆட்டத்தில் எங்களில் ஒருவன் ஏற்கெனவே ஒரு தடவை அப்படி விழுந்து அவரை ஏமாற்றியிருந்தான். இருந்தும் நான் விழுந்தேன். இருந்தும் அவர் வந்தார். செம்மண்ணில் மண்டியிட்டு, முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பந்து வலைக்குள் போனது. கூட்டம் இரைந்தது. அவர் திரும்பவில்லை. "மடக்கு. நீட்டு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், "நடிப்புன்னு தெரிஞ்சுதான வந்தீங்க?" என்று கேட்டேன்.

"நெசமா நடிப்பான்னு பக்கத்துல வந்தாதானடா தெரியும்" என்றார். அதோடு விடவில்லை. "நடிக்கவும் நீ லாயக்கில்ல, மச்சா. வலது கால புடிச்சிக்கினு எடது கால் வலிக்குதுங்கிற. நகரு, தண்ணி வீணாப் போவுது."

புத்தகத்தில் எல்லோருடைய பக்கமும் தயார். என்னுடையது மட்டும் பாக்கி. ஒரு தடவை வேறு யாரோ விழுந்ததாக எழுதினேன். இன்னொரு தடவை விழுந்த கதையையே எடுத்துவிட்டு, அவர் சொன்னதை மட்டும் வைத்தேன். படிக்க நன்றாக இருந்தது, சுவரில் மாட்டுகிற வாசகம் மாதிரி. இரண்டையும் அழித்தேன். தன்னை ஏமாற்றித் தோற்கடித்தவனிடம், கால் கழுவிக்கொண்டே சொன்ன வார்த்தை அது. அப்படியே சொன்னால்தான் ஆண்ட்டியின் கேள்விக்கு அது பதில். சொன்ன பிறகு அந்த வீட்டில் எனக்கு டீ கிடைக்குமா, தெரியவில்லை.

சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஆண்ட்டி வீடு வந்து சேர ஒன்பதரை ஆகும். போனை எடுத்துப் போகப்போவதில்லை. எழுதியும் வைக்கவில்லை. முதலில் நான் விழுந்ததைச் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் டாக்டர் அண்ணா சொன்னதை. அந்த வரிசை மாறாமல் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.