அடியில் வைத்த ஸ்வெட்டர்

கொழும்புக்காரர் நுவரெலியாவுக்குப் போக வெளிக்கிட்டால் முதலில் செய்கிற பிழை, புறக்கோட்டைக்குப் போய்த் தடித்த ஜக்கெட் ஒன்று வாங்குவது. அதைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையிலேயே வேனில் ஏறுவார்கள். அவிசாவளை வருவதற்குள் வியர்த்து வழிந்து, கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்கள். மலை ஏறியபிறகு மழை பிடித்தால் ஜக்கெட் தண்ணீரைக் குடித்துப் பாரமாகிவிடும். அங்கே நிற்கிற இரண்டு நாளும் காயாது. இந்தக் கூத்தைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்து மனசுக்குள் சிரித்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்ததில்லை. சிரித்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள்.

நான் வேலை செய்தது காலி வீதியில் ஒரு புடவைக் கடையில். சேர்ந்த நாளன்று முதலாளியின் மனைவி கேட்டார்: "ஊரில எவடம் பிள்ளை?" அவரை நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். வெள்ளவத்தையில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் மற்றக் கதையெல்லாம். அதற்கு முன் வேறொரு கடையில் உண்மையைச் சொல்லி, அந்தக் கிழமையே கூட்டித் துடைக்கிற வேலைக்கு மாற்றப்பட்டவள் நான். அன்று இந்தக் கடைக்கு வந்த வழியில் நின்ற யாழ்ப்பாண பஸ்ஸின் கண்ணாடியில் சாவகச்சேரி என்று எழுதியிருந்தது. அதையே சொல்லிவிட்டேன். பேச்சை மாற்ற மூன்று மாதம் பிடித்தது. வாயில் வருகிற 'ஆமாங்க'வை விழுங்கி 'ஓம்' சொல்லப் பழகினேன். உண்மையில் நான் பிறந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றையறை வீடொன்றில். அப்பா இல்லை. அம்மா இன்னும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள்.

இது தெரிந்தவள் கொழும்பில் ஒருத்திதான். அதே கடையில் என்னைவிட இரண்டு வருடம் முந்திச் சேர்ந்த திருகோணமலைக்காரி. கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் எட்டு வருடம் இருந்தோம். இரவில் அம்மாவோடு நான் போனில் பேசுகிற பேச்சைக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். "நான் ஏனடி சொல்லப்போறன்?" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஒரு தீபாவளிக்கு அவளை ஊருக்கே கூட்டிக்கொண்டு போனேன். அம்மா வளர்த்த சேவலை அடித்துக் குழம்பு வைத்தாள். குளிருக்குத் தன் கம்பளியை அவளுக்குக் கொடுத்துவிட்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தாள். பொய் இல்லாமல் நான் இருந்தது அந்தச் சிநேகிதியிடம் மட்டும்தான்.

அம்மா ஒருதரம் கடை நம்பருக்கு போன் எடுத்துவிட்டாள். அன்று பின்னேரம் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "கடைக்கு எடுக்காதீங்க. யாராவது கேட்டா என்னைத் தெரியாதுன்னு சொல்லுங்க" என்றேன். "சரி பாப்பா" என்றாள். அதற்குப் பிறகு நான் அதை மறந்துவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன், தீபாவளி வியாபாரம் முடிந்த கையோடு, கடைக்காரர் எல்லாரும் நுவரெலியா போவதென்று முடிவானது. வழக்கம்போல ஆளாளுக்கு ஜக்கெட் கதை கதைக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா அந்தப் பக்கம் கொஞ்சக் காலம் வேலை செய்தவர் என்று புதிதாக ஒரு பொய்யை முன்னால் வைத்துவிட்டு, கடை வட்ஸ்அப் குறூப்பில் எழுதிப் போட்டேன். ஒரு தடித்த உடுப்பு வேண்டாம், மூன்று மெல்லிய உடுப்பு போதும். உடம்போடு ஒட்டிப் பருத்திச் சட்டை. அதற்கு மேல் ஸ்வெட்டர், அதுவும் தலையால் போடுகிறதாக இல்லாமல் முன்னால் திறக்கிறதாக. அங்கே வெயிலும் மழையும் மாறி மாறி வரும், ஒரு நாளில் பத்துத் தரம் கழற்றிப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் மழைக்கோட்டு. அதை மட்டும் பையின் மேலே வையுங்கள், மழை சொல்லிக்கொண்டு வராது. காலுறை இரண்டு சோடி பொலித்தீன் பையில். டெனிம் காற்சட்டை வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது.

இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. விடியற்காலையில் அம்மா மலைக்குப் போக உடுத்துவதைப் பார்த்தே வந்தது. பழைய சேலை, அதற்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் இடுப்பைச் சுற்றிப் படங்கு. படங்கு என்பது நனையாமலும் தேயிலைச் செடி கீறாமலும் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் துணி. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையின் கயிற்றில் முடிந்துகொள்வாள்.

என் பையின் அடியில் இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது. மெரூன் நிறம், பெரிய பொத்தான். கூடை சுமந்து சுமந்து அம்மாவின் வலது கை தோளுக்கு மேல் உயராது, அதனால் பொத்தான் வைத்ததாகத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். இரண்டாம் நாள் எல்லாரும் பூங்காவுக்குப் போக, நான் தலையிடி என்று அறையில் நின்றுவிட வேண்டும். பிறகு பஸ் பிடித்துப் போய், கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்து வளைவில் அம்மாவைப் பார்த்து, நானே போட்டுவிட்டுப் பொத்தான் பூட்டிவிட்டு வர வேண்டும். இதுதான் திட்டம். கேட்டால் சமாளிக்கிறேன் என்று சிநேகிதி சொன்னாள். ஸ்வெட்டரை மடித்து அடியில் வைத்தவளும் அவள்தான்.

போகிற வழியெல்லாம் என் பட்டியலுக்குத்தான் பாராட்டு. கித்துல்கலையில் வெக்கை, எல்லாரும் பருத்திச் சட்டையோடு சுகமாக இருந்தார்கள். ஹட்டன் தாண்டப் பனி இறங்கியது, ஸ்வெட்டர் வெளியே வந்தது. தேநீர் குடிக்க நிறுத்திய இடத்தில் அக்கா என் தோளைத் தட்டினார். "நீர் ஒரு காரியத்தை எடுத்தா ஒழுங்காச் செய்வீர். கொள்ளுப்பிட்டியில திறக்கிற புதுக் கடையை உம்மட்டக் குடுக்கலாம் எண்டு இவரும் சொன்னவர்."

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பக்கத்தில் நின்ற சிநேகிதியைப் பார்த்தேன். அவள் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடை தனக்குத்தான் வரும் என்று அவள் ஆறு மாதமாக நினைத்திருந்தது எனக்குத் தெரியும். அதற்காக நான் என்ன செய்ய?

வேன் திரும்பப் புறப்பட்டதும் அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவளுக்குத் தெரியாமல் இருக்குமே அக்கா, அவ பிறந்து வளந்ததே இஞ்சதானே. அடுத்த தோட்டத்து லயத்திலதான் தாய் இருக்கிறா. நான் போய்ச் சாப்பிட்டும் இருக்கிறன்."

"தோட்டமோ?" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மற்றக் கடையில் கேட்ட அதே குரல்.

"பகிடி விடுறா அக்கா" என்றேன்.

"பகிடியோ? இப்பப் பாருங்கோவன்" என்றவள் எழும்பிச் சாரதியிடம் போனாள். "அய்யே, அர வங்குவ லங்க நவத்தன்ன." அந்த வளைவுக்குப் பக்கத்தில் நிறுத்து என்கிறாள். எந்த வளைவு, எத்தனை மணிக்குக் கொழுந்து நிறுத்து முடியும், எல்லாம் அவளுக்குத் தெரியும். எல்லாம் நான் நம்பிச் சொன்னது. அவளை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போல இருந்தது.

தூறல் தொடங்கியிருந்தது. மற்றப் பெண்கள் மேல்வழியால் லயத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா மட்டும் கடைசியாக, வெறுங்கூடையோடு ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தாள். மேல்வழி ஏற அவள் முழங்கால் விடாது.

சிநேகிதி குதித்து இறங்கினாள். அக்கா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினார். "அம்மா, என்னைத் தெரியுதா? உங்கட மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறன், பாருங்கோ!" என்றாள் சிநேகிதி.

அம்மா முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு அக்கா, பின்னால் வேன் கண்ணாடி நிறைய முகங்கள். அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"யாருன்னு தெரியலீங்களே" என்றாள். "எனக்கு மக இல்லீங்க. ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க."

"ஐயோ அம்மா, உங்கட வீட்டில சேவல் குழம்பு சாப்பிட்டனான்!"

"லயத்துல எத்தனையோ வீடு இருக்குங்க. ஆள் மாறிப் போச்சு போலங்க."

நான் ஒரே பிள்ளை. எத்தனையோ வருடம் முன் போனில் வாய் தவறிச் சொன்னதை, இல்லை, வாய் தவறி இல்லை, வேண்டுமென்றே சொன்னதை, அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறாள். 'அம்மா' என்று நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

"என்ன பிள்ளை இது?" அக்கா சிநேகிதியைப் பார்த்துச் சீறினார். "எரிச்சலுக்கும் ஒரு அளவு வேண்டாமோ? ஆரோ ஒரு மனுசியைப் பிடிச்சுவைச்சு..." பிறகு அம்மாவைப் பார்த்தார். "பாவம், நடுங்குது. குடுக்கிறதுக்கு ஆரிட்டையாவது ஏதும் இருக்கோ?"

வேனில் எல்லாரும் தங்கள் பையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டார்கள். நான் வேனில் ஏறி என் பையை எடுத்தேன். மழைக்கோட்டு, காலுறை, சட்டைகள் எல்லாவற்றையும் இருக்கையில் அள்ளிப் போட்டுவிட்டு அடியில் இருந்த மெரூன் ஸ்வெட்டரை இழுத்தேன். கொண்டுபோய் நீட்டினேன். போட்டுவிடவில்லை. அவள் கூடையைக் கீழே வைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வலது கை பாதிதான் நீண்டது.

"நல்லா இருங்கம்மா" என்றாள், யாரோ ஒருத்திக்குச் சொல்வது போல.

"எவ்வளவு நல்ல மனம் உமக்கு" என்றார் அக்கா.

ஹோட்டல் அறையில் சிநேகிதியைப் பிடித்துக் கிழித்தேன். "என்ர அம்மாவின்ர கையால சாப்பிட்டுப்போட்டு இப்பிடிச் செய்வியா? நீ எல்லாம் ஒரு மனுசியா?"

அவள் அழுதாள். அழுதுகொண்டே கேட்டாள்: "நான் சொன்னதில என்னடி பொய்?"

மறுநாள் நான் வளைவுக்குப் போகவில்லை. ஒரு மாதத்துக்குள் அவளைக் கடையை விட்டு நிறுத்தினார்கள், பொய்க்காரி என்ற பெயரோடு. அறையையும் காலி செய்துகொண்டு மட்டக்குளியில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை தப்பியிருக்கும். சொல்லவில்லை. அவளை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட, அவள் சிரித்துக்கொண்டே அந்த வசனத்தைத் தொடங்கியது நினைவுக்கு வந்து பல்லைக் கடிக்கிறேன். அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

கொள்ளுப்பிட்டிக் கடை எனக்குக் கிடைத்தது. திறந்து இரண்டாம் கிழமை, பகலில், அம்மாவிடமிருந்து கைபேசிக்கு அழைப்பு வந்தது. நுவரெலியாப் பயணத்துக்குப் பிறகு அவளாக எடுத்தது அதுதான் முதல் தடவை.

"ஸ்வெட்டர் அளவா இருக்கு பாப்பா. நல்ல சூடு. பக்கத்து வீட்டுப் புள்ளதான் பொத்தான் போட்டுவிடுது. லயத்துல எல்லாரும் கேட்டாங்க, யாரு வாங்கிக் குடுத்தான்னு."

"என்ன சொன்னீங்க?"

"கொழும்புல இருந்து வேன்ல வந்த ஒரு அம்மா குடுத்தாங்கன்னு சொல்லிட்டேன். அப்படித்தானே சொல்லணும்?"

எனக்கு முன்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் புடவையை விரித்துவைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றேன்.