பாலகணேஷின் ஒன்றரைக் கிலோ கேமரா

ராஜபாளையத்தில் பாலகணேஷ் வீட்டைப் பூட்டுகிற அழகைப் பார்க்கத் தெருநாய்கள் வரிசையாக வந்து உட்காரும். பூட்டை இழுத்துப் பார்ப்பான், தெருமுனை வரை போவான், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பான். அந்தப் பூட்டு இப்போது வாங்கியபோது இருந்ததைவிட ஒரு விரற்கடை நீளம். அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை மதுரைக்குப் போகிற பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் தாண்டியபின் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று சந்தேகம் வந்து, நடுவழியில் இறங்கி வீடு திரும்பினான். சிலிண்டர் மூடித்தான் இருந்தது. உள்ளே கேஸே இல்லை என்பது வேறு விஷயம்.

பேண்டேஜ் துணி நெய்கிற ஆலை ஒன்றில் அவன் தறி மெக்கானிக். முப்பத்து மூன்று வயது. பாவு உருளையைத் தூக்கப்போய் வலது தோள் பிசகியதிலிருந்து கனமான சாமான் எதையும் தொடுவதில்லை. அவனுக்கு ஒரே ஆசைதான். உள்ளங்கை அகலத்துக்குப் பிலிம் போடுகிற பெரிய கேமரா ஒன்று வேண்டும். மடிப்பு மடிப்பாக முன்னும் பின்னும் நீளுகிற துருத்தி வைத்தது, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிறது. அதைப் பற்றிப் போனில் பார்க்காத வீடியோ இல்லை. மூன்று வருடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தான். எதைப் பார்த்தாலும் ஒரு பயம். இது கனமோ, அது ஒழுகுமோ, இன்னொன்று வந்து சேராமலே போய்விடுமோ.

இப்படிப்பட்டவனைத்தான் மாசி மாதத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கக் கூட்டிப்போனார்கள். பெண் சத்யப்பிரியா, கணக்கு டீச்சர். அவளுடைய அப்பா சங்கரலிங்கம் பால்கோவாத் தட்டை நீட்டிக்கொண்டே, "தம்பி லீவு நாள்ல என்ன செய்வீக?" என்று கேட்டார். பூட்டை இழுத்துப் பார்ப்பேன் என்று சொல்ல முடியுமா? சுவரில் பழைய குடும்பப் படம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்ததும் அவன் வாய் அவனைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

"போட்டோ எடுப்பேன் மாமா. அந்தக் காலத்துப் பெரிய கேமராவுல. பிலிம்தான். மலைக்கெல்லாம் தூக்கிட்டுப் போயிருக்கேன்."

காபி கொடுத்துவிட்டு உள்ளே திரும்பப் போன சத்யப்பிரியா நின்றாள். "அப்ப என்னைய ஒரு படம் எடுங்க. செண்பகத்தோப்புல எங்க மாந்தோப்பு இருக்கு. வண்டி நிக்கிற எடத்துலருந்து நடக்கணும். மலைக்கே தூக்குனவுகளுக்கு அது ஒண்ணும் பெரிசில்ல. படத்தைப் பாத்துட்டு என் பதிலைச் சொல்றேன்."

இனியும் வாய் திறக்காமலிருக்க இன்னொரு பால்கோவாவை எடுத்துப் போட்டுக்கொண்டான். அவளை அவனுக்குப் பிடித்துப் போயிருந்தது, அதுதான் வினை. அடுத்த மாசம் முதல் ஞாயிறு என்று சங்கரலிங்கம் நாளும் சொல்லிவிட்டார்.

வெளியே வந்ததும் சிநேகிதன் ராம்கிக்குப் போன் போட்டான். ராம்கி ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு ராம்கி சொன்னான்: "ஏலே, சமைப்பேன்னு சொல்லியிருந்தா ஒரு வாரத்துல கத்துக்கிட்டிருக்கலாம். உன் வாய்க்கு இதுவா அகப்பட்டது?"

மூன்று வருடத் தேர்வை மூன்று நாளில் முடிக்க வேண்டியதாயிற்று. மூடிக்கிடந்த ஸ்டூடியோ ஒன்றில் தேக்குமரக் கேமரா இருந்தது. அதைத் தூக்க நாலு பேரும் ஒரு மாட்டுவண்டியும் வேண்டும். சென்னையில் ஒருவர் இரும்புக் கேமரா விற்றார். அதைப் பிடித்துப் பார்த்தால் அவன் தோள் அங்கேயே கழன்று விழும், விலையைக் கேட்டால் மற்றத் தோளும். கடைசியில் ஒரு கோயம்புத்தூர்ப் பையன் பிளாஸ்டிக்கில் அச்சடித்து விற்கிற கூடு கிடைத்தது. விலையும் கைக்கு அடக்கம், எடையும் அடக்கம். ஆனால் வெறும் கூடு. துருத்தி, கண்ணாடி, லென்ஸ் எல்லாம் நம் பாடு.

போட்டோவைப் பெரிதாக்கும் பழைய கருவியிலிருந்து ஒரு லென்ஸ் அகப்பட்டது. திறந்து மூடுகிற ஷட்டர் அதில் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. மூடியை எடுத்தால் படம் விழும், போட்டால் நிற்கும். போட்டோச் சட்டத்துக் கண்ணாடியை ஆலையில் வால்வு தேய்க்கிற பசையால் தேய்த்துத் தேய்த்துப் பனி படர்ந்த மாதிரி ஆக்கினான், அதில்தான் பிம்பம் விழ வேண்டும். கூட்டின் அடிப்பலகை கனம் என்று பட்டதால் அதைத் துளை துளையாகக் குடைந்தான். குடைந்ததும் உடைந்துவிடுமோ என்று பயந்து அலுமினியப் பட்டை அடித்தான். அடித்ததும் கனமாகிவிட்டதோ என்று காய்கறிக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தான். ஒன்றரைக் கிலோ. கடைக்காரம்மா, "கத்திரிக்காயா தம்பி?" என்று கேட்டாள்.

ராம்கி தன் பங்குக்கு, டிஜிட்டல் மிஷின் வந்தபின் மூலையில் கிடந்த எக்ஸ்ரே பிலிமைக் கேட்டு வாங்கி வந்தான். பூஜையறைச் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் அதை வெட்டிக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.

துருத்திதான் காலை வாரியது. குடைத்துணியை வாங்கி, மடிப்புக் குறித்து, பக்கத்துத் தெரு பாண்டிசெல்வி அக்காவிடம் கொடுத்தான். ஒட்டத்தான் சொன்னான். அவளோ ஊரில் எந்த ஜாக்கெட்டும் பிரியாமல் தைக்கிறவள்.

"பசையெல்லாம் நிக்காது தம்பி. ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். யானை கட்டி இழுத்தாலும் பிரியாது."

வீட்டுக்கு வந்து அறையை இருட்டாக்கி, துருத்திக்குள் டார்ச்சை விட்டான். அவ்வளவுதான். ஊசி ஏறி இறங்கின ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு நட்சத்திரம். சப்தரிஷி மண்டலமே தெரிந்தது என்கிறார்கள். இருட்டாக இருக்க வேண்டிய பெட்டிக்குள் இத்தனை வெளிச்சம் போனால் பிலிமில் பெண் தெரியமாட்டாள், புகைதான் தெரியும். இனித் தைக்க நாள் இல்லை. பசையில் கறுப்புப் பெயிண்டைக் குழைத்துத் தையல் முழுக்கப் பூசினான். டார்ச் அடித்தான், பூசினான், அடித்தான், பூசினான். வானம் ஒருவழியாக அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பு. ராம்கி வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வண்டியோடேயே நின்றுகொண்டான். கேமரா கனக்கவில்லை, தோள் வலிக்கவில்லை. சத்யப்பிரியா அரக்குப் புடவையில் மரநிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சங்கரலிங்கம் பிலிம் உறையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இது எக்ஸ்ரே பிலிம்னு ராம்கி சொன்னாரே. என் பிள்ளைக்கு எலும்பா தெரியும்?"

"மொகம்தான் மாமா தெரியும்" என்றான். தெரியுமா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டான். தேய்த்த கண்ணாடியில் அவள் தலைகீழாக, தெளிவாக இருந்தாள். ஒரு கணம் கவலையெல்லாம் மறந்துபோனது. அடுத்த கணம் வழக்கம்போலச் சந்தேகம். ஹார்லிக்ஸ் மூடியைப் போட்டுவிட்டு, பின்கண்ணாடியைக் கழற்றி உள்ளே பார்த்தான். இலைகளுக்கு நடுவே இறங்கிய வெயில் துருத்தியின் பக்கவாட்டில் விழுந்திருந்தது. உள்ளே ஏழெட்டு நட்சத்திரம். வண்டியில் மடித்து வந்ததில் பூச்சு வெடித்துவிட்டது.

துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவே அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெளியே சங்கரலிங்கம், "என்ன தம்பி, உள்ள தூங்கிட்டீகளா?" என்றார்.

அடுத்து அவள் குரல், காதருகில். "நானும் பாக்கலாமா?"

அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். துருத்தியை முகர்ந்தாள். பிறகு மெதுவாக, அப்பாவுக்குக் கேட்காமல் கேட்டாள். "பசை வாசம் இன்னும் போகல. மலைக்கு எந்த வருசம் தூக்கிட்டுப் போனீக?"

பூட்டை இழுத்துப் பார்க்கிற கை துணியைப் பிடித்துக்கொண்டது. "போகல. இதுதான் மொத படம். உங்களுக்காகத்தான் செஞ்சேன். ஓட்டை வேற விழுந்துபோச்சு."

அவள் நிமிர்ந்து போனாள். போனது போனதுதான் என்று நினைத்தான். கைப்பையோடு திரும்பி வந்தாள். அதிலிருந்து ஒரு பொட்டு அட்டை. வெல்வெட் பொட்டு, கறுப்பு.

"நீங்க உள்ளருந்து ஓட்டையைச் சொல்லுங்க. நான் வெளியருந்து ஒட்டுறேன்."

"மேல... இன்னும் கொஞ்சம் இடது... அங்கதான்."

"என்னம்மா, கேமராவுக்குப் பொட்டு வைக்கிற?" என்றார் சங்கரலிங்கம்.

"புது வண்டிக்கு வைக்கிறதில்லையாப்பா? அது மாதிரிதான்."

அட்டை காலியானது. உள்ளே இருட்டு. அவள் போய் உட்கார்ந்தாள். பிலிம் உறையைச் செருகி, மறைப்பை உருவி, மூடியை எடுத்தான். இரண்டு விநாடி. அவள் இமைக்கவில்லை. அவன் மூச்சு விடவில்லை. தோப்பில் ஒரு மாவிலைகூட அசையவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறார் சங்கரலிங்கம். மூடியைப் போட்டான்.

அன்று சாயங்காலம் குளியலறையில் சிவப்பு பல்பைப் போட்டு, தட்டில் மருந்தை ஊற்றி, ராம்கியும் அவனும் குந்தியிருந்தார்கள். வெறுமையாகக் கிடந்த பிலிமில் ஒரு நிழல் எழுந்தது. "வருதுலே, வருது!" என்று ராம்கி கத்தியதில் பக்கத்து வீட்டில் பிரசவம் என்று நினைத்து ஓடிவந்தார்கள்.

காய்ந்த பிலிமை ஜன்னலில் வைத்துப் போனில் பிடித்து, கறுப்பு வெள்ளையை மாற்றிப் பார்த்தான். மாமரத்துப் பட்டையின் வெடிப்பு, புடவைக் கரை, கண்ணிமை எல்லாம் எண்ணி எடுக்கலாம். ஆனால் ஓர் ஓட்டை தப்பியிருந்தது. இடது காதுக்குக் கீழே ஒரு வெளிச்சப் பொட்டு.

அனுப்பினான். இரண்டு நீலக்குறி விழுந்தது. பதில் இல்லை. கதவைப் போய் இழுத்துப் பார்த்தான். பதில் இல்லை. சிலிண்டரைப் பார்த்துவிட்டு வந்தான். சோறு ஆறியது. அந்த ஒரு ராத்திரியில் அவன் தேய்த்த தேய்ப்பில் போனின் கண்ணாடியும் பனி படர்ந்துவிட்டது.

காலையில் அவளே கூப்பிட்டாள்.

"ஒரு காதுக்கு மட்டும் வைரத்தோடு போட்டு அனுப்பியிருக்கீகளே. இன்னொரு காதுக்கு எப்ப?"

அவனுக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"அப்பா வேற ஒரே பிடியா நிக்காக. கல்யாணப் படமும் அந்தக் கேமராவுலதான் எடுக்கணுமாம். தையலை மட்டும் பிரிச்சு ஒட்டச் சொல்லுங்க, என்ட்ட அம்புட்டுப் பொட்டு இல்ல."

சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தான். ஊரையே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ராம்கி வீட்டுக்குப் பாதித் தெரு ஓடியவன் சட்டென்று நின்றான். மாப்பிள்ளை மணமேடையில் உட்கார்ந்துவிட்டால், ஹார்லிக்ஸ் மூடியைத் திறக்கிறது யார்?