இருமலையும் சேர்த்து

அடையாறில் என் மகனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போகும் இடத்தில்தான் அவரைப் பார்ப்பேன். முழுக்க நரைத்த தலை, ஓயாத வறட்டு இருமல். பக்கத்தில் ஏழு வயதுச் சிறுமி. முதல் நாள், "பேத்தியா சார்?" என்று கேட்டுவிட்டேன். "பொண்ணும்மா," என்றார், கோபப்படாமல்.

ஆட்டிசம் உள்ள அந்தச் சிறுமி தானாக எதுவும் பேசமாட்டாள். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள். நாங்களெல்லாம் பிள்ளைகளிடம் அந்தப் பழக்கத்தை மாற்றப் போராடினோம். இவர் மட்டும் அதை வளர்த்தார். வாசற்படியில் நின்று, ஒரே தொனியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுப்பார். "நில்லு பாப்பா. வண்டி போவட்டும்." நடுவில் ஒரு இருமல் வரும். "இப்ப வா." அவளும் சொல்வாள். கண்ணை மூடிக் கேட்டால் இரண்டு கிழவர்கள் பேசுவதுபோல இருக்கும்.

"இருமலையும் சேத்துச் சொல்றாளே சார்?" என்றேன் ஒருநாள்.

"சொல்லட்டும்மா. எனக்கு அறுபத்தாறு ஆவுது. நான் இல்லாதப்போ ரோட்ல இவளுக்குச் சொல்ல ஆள் வேணாமா?"

பிறகு அவர்கள் வருவது நின்றுபோனது.

போன மாதம் மயிலாப்பூர் குளத்தருகே, ஏதோ யோசனையில் சாலையைக் கடக்கக் காலை எடுத்துவைத்தேன். "நில்லு பாப்பா. வண்டி போவட்டும்." முதுகுக்குப் பின்னால் அவர் குரல். சட்டென்று நின்றேன். தண்ணி லாரி ஒன்று என்னை உரசுவதுபோலப் போனது.

சிரித்தபடி திரும்பினேன். யாரோ ஒரு பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி நின்றிருந்தாள். அவரைக் காணோம்.

சிறுமி இருமினாள்.

"இப்ப வா," என்றது அவர் குரல். நாங்கள் மூன்று பேரும் கடந்தோம்.